கண்ணாடியும் கரையானும்

திருவானைக்காவின் கதை பெரும்பாலோருக்குத் தெரிந்ததுதான். வெண்ணாவல் மரத்தடியில் ஒரு சிவலிங்கம். மேலிருந்து சருகு உதிர்கிறது. அது திருமேனியில் விழக்கூடாதென்று ஒரு சிலந்தி வலை பின்னி விதானம் கட்டுகிறது. தும்பிக்கையில் நீர் முகந்து வந்து வழிபடும் யானை அந்த வலையை அசுத்தம் என்று நினைத்து அறுத்துப் போடுகிறது. சிலந்தி மறுபடி பின்னுகிறது; யானை மறுபடி அறுக்கிறது. கடைசியில் சினங்கொண்ட சிலந்தி தும்பிக்கைக்குள் புகுந்து கடிக்க, யானை வலி தாங்காமல் நிலத்தில் மோதி வீழ, இரண்டும் மாய்கின்றன. சிலந்தி மறுபிறப்பில் கோச்செங்கட் சோழனாகி, யானை ஏற முடியாத மாடக்கோயில்களாகப் பார்த்துக் கட்டுகிறது என்பது பெரியபுராணம் வரை வந்த மரபு.

பக்தியின் பெருமையைச் சொல்லத்தான் இதைச் சொல்வார்கள். ஆனால் பொருள்களைப் பத்திரப்படுத்தும் வேலையில் இருப்பவர் காதில் இந்தக் கதை வேறு மாதிரி விழும். சிலந்தியும் சரி, யானையும் சரி, குப்பையைத் தடுக்க வந்தவைதான். ஒன்று கட்டிய காப்பு மற்றதன் கண்ணுக்குக் குப்பையாகத் தெரிந்தது. சாமிக்கு எது வேண்டும் என்று இரண்டுமே கேட்கவில்லை.

தொலைநோக்கி வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தகராறு புதிதல்ல. ஐப்பசி மழைக்கு முன் மூலையில் சாத்திவைத்த குழாயைத் தை பிறந்து வெளியே எடுத்தால், அதன் வாயில் ஒரு வலை தொங்கும். இருட்டும் காற்றும் இரை வந்துபோகும் வழியும் உள்ள இடம் சிலந்திக்கு வேறெங்கே கிடைக்கும்? வேடிக்கை என்னவென்றால், இதே சிலந்தியின் நூலை வானியலாளர்களே தேடிப்போய்த் தொலைநோக்கிக்குள் கொண்டுவந்த காலம் ஒன்று உண்டு. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க வானியலாளர் டேவிட் ரிட்டன்ஹவுஸ் தம் கருவியின் பார்வைப்புலத்தில் குறுக்கிழைகளாகச் சிலந்தி நூலைக் கட்டினார். ஒரு விண்மீன் எந்த நொடியில் நடுக்கோட்டைக் கடக்கிறது என்று குறிக்க அத்தனை மெல்லிய, அத்தனை உறுதியான இழை வேறு கிடைக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டில் வானோக்கிகளிலும் நில அளவைக் கருவிகளிலும் அது பரவலாக இருந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்திலும் குறிநோக்கிகளுக்காகச் சிலந்திகளை வளர்த்து நூலெடுத்தார்கள்.

குழாயின் வாயில் இருந்தால் ஒட்டடை, கண்ணருகு வில்லைக்குள் இருந்தால் அளவுகோல். அப்படியானால் கேள்வி சிலந்தியைப் பற்றியதல்ல. ஒரு மனிதர் வானத்தைப் பார்க்க ஒரு கருவி வைத்திருக்கிறார். அவர் அதைத் தொடாத மாதங்களில் வேறு உயிர்கள் அதில் குடியேறுகின்றன. அவற்றை அவர் என்ன செய்யலாம்? கொல்லலாமா, விரட்டலாமா, விட்டுவிடலாமா? அறிவு என்ற நோக்கம் இந்தச் சின்னக் கொலைகளுக்குப் போதிய காரணமாகுமா?

இந்தக் கேள்வியை மிக நுணுக்கமாகப் போட்டுப் புரட்டிய மரபு சமணம். அங்கே போவதற்கு முன், பலர் எதிரியாக நினைப்பதும் உண்மையில் அவ்வளவு பெரிய எதிரியல்லாததுமான தூசைப் பார்த்துவிடுவது நல்லது.

தொலைநோக்கியின் ஆடியில் ஒளியைத் திருப்பித் தருவது அலுமினியப் பூச்சு. அதன் தடிமன் ஏறத்தாழ 100 நானோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அதன்மேல் கொஞ்சம் தூசு படிந்தால் சிறிதளவு ஒளி சிதறும். கண்ணால் பார்ப்பவருக்குப் பெரும்பாலும் வித்தியாசமே தெரியாது. ஆனால் அந்தத் தூசைப் பார்த்துப் பதறி வேட்டி முனையால் துடைப்பவர் செய்வது வேறு. தெருத்தூசில் மணற்சத்து உண்டு. துணியின் அடியில் அகப்பட்ட ஒவ்வொரு மணல்துகளும் பூச்சைக் கீறிக்கொண்டே போகும். தூசு போய்விடும், கீறல் நின்றுவிடும். ஜவ்வாது மலையில் காவலூரில் உள்ள வைணு பாப்பு வானாய்வகத்தில் 2.34 மீட்டர் ஆடி கொண்ட தொலைநோக்கி 1986 முதல் இயங்குகிறது. அத்தகைய பெரிய ஆடிகளில் பூச்சு மங்கினால் அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கிக் கொண்டிருக்க மாட்டார்கள். பழைய பூச்சை இரசாயனத்தில் கரைத்துக் கழுவிவிட்டு, வெற்றிடக் கலத்துக்குள் வைத்துப் புதிதாக அலுமினியம் ஏற்றுவார்கள். காவலூரில் அதற்கான வசதி வளாகத்திலேயே இருக்கிறது. மொட்டைமாடியில் ஆறு அங்குலத் தொலைநோக்கி வைத்திருப்பவருக்கு அந்த வசதி இல்லை. அவர் செய்ய வேண்டியது மூடிவைப்பதும், மூடி மறந்து தூசு படிந்தால் கை வைக்காமல் இருப்பதும்தான்.

எப்போதாவது தூசைத் தட்டத்தான் வேண்டும் என்றால் முதலில் ரப்பர் குமிழால் காற்றடிப்பார்கள். பிறகு மிக மெல்லிய தூரிகையை அழுத்தாமல் ஒரே திசையில் வருடுவார்கள். இந்தக் கைப்பழக்கம் தமிழ்நாட்டில் வெகு பழையது. திகம்பர முனிவர்கள் கையில் எப்போதும் ஒரு மயிற்பீலிக் கட்டு இருக்கும். உட்காரும் இடத்தையும், கமண்டலம் வைக்கும் இடத்தையும் அதனால் வருடிவிட்டுத்தான் அமர்வார்கள். மயில் தானாக உதிர்த்த இறகுகளால் கட்டியது அது; எறும்பின் மேல் பட்டாலும் எறும்புக்கு நோகாது. வானியலாளர் தூரிகை மென்மையாக இருப்பது கண்ணாடிக்கு நோகக்கூடாது என்று. முனிவர் பீலி மென்மையாக இருப்பது கண்ணாடிமேல் உட்கார்ந்திருக்கும் பூச்சிக்கு நோகக்கூடாது என்று. (கடையில் 'ஒட்டக முடி' என்று விற்கும் தூரிகைகளில் பெரும்பாலும் இருப்பது அணில் முடி. இதையும் முனிவர் கேட்டிருந்தால் நைலான் வாங்கச் சொல்லியிருப்பார்.)

சமணரின் அகிம்சையைப் பற்றி வெளியாட்கள் நினைப்பது பெரும்பாலும் ஒரு கேலிச்சித்திரம்: கொசுவையும் அடிக்க மாட்டார்கள், அவ்வளவுதான். அவர்கள் நூல்கள் சொல்வது அதைவிடக் கடினமானது. உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் இம்சைக்கு இலக்கணம் கூறும்போது, உயிர் போவதை மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. விழிப்பின்மையால், பொறுப்பற்ற செயலால் உயிருக்கு ஊறு விளைவதே இம்சை என்கிறது. பார்த்துப் பார்த்து அடியெடுத்து வைத்தும் காலடியில் ஒரு பூச்சி வந்து மடிந்தால் அந்தத் துறவிமேல் முழுப்பழி விழாது. பாராமல் நடந்தவர் காலில் எதுவும் மடியாவிட்டாலும் அவர் குற்றவாளியே. இல்லறத்தாருக்கு இதில் சற்று இளக்கம் உண்டு. வேண்டுமென்றே செய்யும் கொலை, வீட்டு வேலையில் நேர்வது, தொழிலில் நேர்வது, தற்காப்பில் நேர்வது என்று நான்காகப் பிரித்து, முதலாவதை அடியோடு விடச்சொல்கிறார்கள். மற்ற மூன்றையும் முடிந்தவரை குறைக்கச் சொல்கிறார்கள்.

இந்த இலக்கணத்தை வைத்துக்கொண்டு மூலையில் கிடக்கும் குழாயைப் பார்த்தால் காட்சி மாறுகிறது. குழாய்க்குள் குளவி கட்டிய கூட்டை உடைக்கும் நாளில் நடப்பது கொலையின் இரண்டாம் பாதிதான். முதல் பாதி, ஃபோகசரில் இருந்து கண்ணருகு வில்லையைக் கழற்றிய இரவில், அந்த ஓட்டையை மூடாமல் தூங்கப் போனபோதே நடந்துவிட்டது. ஒன்றேகால் அங்குல ஓட்டைக்கு ஒரு பிளாஸ்டிக் மூடி. பத்து ரூபாய்கூடப் பெறாது. அதைப் போட மறந்ததுதான் சமணக் கணக்கில் இம்சை. பிறகு நடப்பதெல்லாம் அதன் வட்டி.

குளவியை எடுத்துக்கொண்டால் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். ஈரமண்ணைக் கொண்டுவந்து குழாயின் உட்சுவரில் குடம்போலக் கூடு கட்டும் குளவி, அதற்குள் முட்டையிட்டு, கொட்டி மயங்கவைத்த புழுக்களை அடைத்து வாயை மூடிவிட்டுப் போய்விடுகிறது. இந்தக் காட்சியை நம் தத்துவ மரபு பல நூற்றாண்டுகள் வேறு விதமாகக் கண்டது. குளவி புழுவைக் கூட்டில் வைத்துக் கொட்டிக்கொண்டே இருக்க, அந்தப் புழு குளவியையே நினைத்து நினைத்துக் குளவியாகிவிடுகிறது என்பது வேதாந்திகளும் சித்தாந்திகளும் எடுத்தாண்ட உவமை. ஆன்மா இடையறாத தியானத்தால் சிவமாவதற்கு அதைவிடப் பொருத்தமான உதாரணம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. பூச்சியியல் சொல்வது அவ்வளவு இனிமையாக இல்லை: கூட்டிலிருந்து வெளிவருவது குளவியின் சொந்தப் பிள்ளை, புழு அதன் உணவு. உவமை தவறாகிப் போனதால் தத்துவம் தவறாகிவிடாது. ஆனால் கூட்டின் முன் நிற்பவருக்கு இப்போது ஒரு சிக்கல். உடைத்தால் குளவிக்குஞ்சு சாகும். விட்டால் புழுக்கள் சாகும். அவை எப்படியும் பிழைக்கப் போவதில்லை. வீட்டில் குளவி கூடு கட்டினால் மழலைச் சத்தம் கேட்கும், கலைக்கக்கூடாது என்று பாட்டி வேறு சொல்லிவைத்திருக்கிறாள். பாட்டி சொல்வது கணக்குக்கும் சரியாக வருகிறது: கூட்டில் வெளியேறிய துளை இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் இரண்டு மூன்று வாரம் பொறுத்தால் குஞ்சு தானே துளைத்துக்கொண்டு போய்விடும். பிறகு வெற்றுக்கூட்டை ஈரப்படுத்திப் பெயர்த்தெடுக்கலாம். மழைமேகம் மூடிய வானத்தில் அந்த மூன்று வாரத்தில் பார்ப்பதற்கு எதுவும் இருந்துவிடப் போவதுமில்லை.

பொறுத்திருக்க முடியாதவர்களும் உண்டு. அவர்களையும் எளிதில் குறைசொல்லிவிட முடியாது.

அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஹோம்டெல் என்னும் இடத்தில் பெல் ஆய்வகத்துக்கு ஒரு வானலை வாங்கி இருந்தது. கொம்பு வடிவம், வாய் 6 மீட்டர் அகலம். எக்கோ என்ற பலூன் செயற்கைக்கோளுக்காக 1959 வாக்கில் கட்டியது. அந்த வேலை முடிந்தபின் ஆர்னோ பென்ஸியாஸ், ராபர்ட் வில்சன் என்ற இரண்டு இளம் ஆய்வாளர்கள் 1964இல் அதை வானொலி வானியலுக்குத் திருப்பினார்கள். எந்தப் பக்கம் திருப்பினாலும், பகலானாலும் இரவானாலும், ஓர் இரைச்சல் ஓயவில்லை. கருவியில் கோளாறு என்று தேடினார்கள். கொம்பின் ஒடுங்கிய முனையில், கருவி அறையின் வெதுவெதுப்பில், ஒரு ஜோடிப் புறா குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. உள்சுவர் முழுக்க எச்சம்.

புறாக்களைக் கூண்டு வைத்துப் பிடித்து, நிறுவனத்தின் தபால் வண்டியில் விப்பனி என்னும் ஊரிலுள்ள கிளைக்கு அனுப்பி அங்கே திறந்துவிட்டார்கள். ஓரிரு நாளில் அவை கொம்புக்குள் திரும்பி வந்து உட்கார்ந்தன. வீடு திரும்பும் இனம். அவற்றின் கண்ணில் அதுதான் வீடு. முடிவில் சுட்டுக் கொன்றார்கள். எச்சத்தைச் சுரண்டித் துடைத்தார்கள். தகடுகளின் இணைப்புகள் மேல் அலுமினிய நாடா ஒட்டினார்கள். இரைச்சல் சற்றே குறைந்ததோடு சரி. மிச்சம் அப்படியே நின்றது. ஏறத்தாழ 3.5 கெல்வின் வெப்பநிலைக்கு ஈடான அந்த மிச்சம், பிரபஞ்சத்தின் தொடக்க காலத்து வெப்பத்தின் எச்சம் என்று 1965இல் தெரியவந்தது. இருவருக்கும் 1978இல் நோபல் பரிசு கிடைத்தது. புறா பிடித்த கூண்டு வாஷிங்டனின் தேசிய வான் மற்றும் விண்வெளி அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இந்தக் கதையைச் சிரிப்புக்காகவே சொல்கிறார்கள். சமயக் கண்ணோடு பார்த்தால் சிரிப்பு அடங்கிவிடும். படைப்பின் முதல் ஒளியைக் கண்டெடுத்த நிகழ்வில், சம்பந்தமில்லாத குற்றத்துக்காக இரண்டு உயிர்கள் தண்டிக்கப்பட்டிருக்கின்றன. ஆய்வாளர்களின் பக்கமும் நியாயம் உண்டு: குற்றவாளி யார் என்று தெரியாதவரை ஒவ்வொருவராக விலக்கிப் பார்ப்பதுதான் அறிவியலின் வழி, அவர்கள் முதலில் வண்டியேற்றி அனுப்பிப் பார்த்தார்கள், எடுத்தவுடன் துப்பாக்கியைத் தூக்கவில்லை. மனமறிந்த கொடுமை என்று இதைச் சொல்ல முடியாது. ஆனாலும் சமண இலக்கணம் விடாது: 6 மீட்டர் வாயைத் திறந்தபடி ஒரு கொம்பை வருடக்கணக்கில் மலைமேல் நிறுத்தினால் அதற்குள் புறா வரும் என்பது கணிக்க முடியாததா? வானலையைத் தடுக்காமல் பறவையை மட்டும் தடுக்கும் மெல்லிய பிளாஸ்டிக் திரைகள் இன்று பல வாங்கிகளின் வாயில் போர்த்தப்படுகின்றன.

தடுப்பதே அறம் என்று இத்துடன் முடித்துக்கொள்ள எந்த எழுத்தாளருக்கும் ஆசை வரும். ஆனால் மூடிவைத்தால் போதும் என்பதற்கு எதிராக நம்மிடமே ஒரு பெரிய சாட்சி இருக்கிறது.

தேவார ஏடுகள் தில்லைக் கோயிலில் ஓர் அறைக்குள் வைத்துப் பூட்டப்பட்டிருந்தன என்கிறது திருமுறைகண்ட வரலாறு. பாடிய மூவரும் வந்தால்தான் திறப்போம் என்றார்களாம் அந்தணர்கள். சோழ மன்னன் மூவரின் திருவுருவங்களையும் ஊர்வலமாகக் கொண்டுவந்து நிறுத்திக் கதவைத் திறக்கவைத்தான். அவனை இராசராசன் என்று மரபு கொள்கிறது. உள்ளே ஏடுகள்மேல் கரையான்புற்று. எண்ணெய் விட்டுப் புற்றைக் கரைத்து எடுத்தபோது பெரும்பகுதி அரிக்கப்பட்டிருந்தது. மன்னன் கலங்கி நிற்க, இக்காலத்துக்கு வேண்டியவற்றை மட்டும் வைத்துவிட்டு மற்றவற்றை மறைத்தோம் என்று அசரீரி கேட்டதாம்.

இந்த அசரீரி ஒரு பெரிய இறையியல் முடிவை முன்வைக்கிறது. கரையான் வெறும் பூச்சியல்ல, இறைவனின் பதிப்பாசிரியர். இழப்பு விபத்தல்ல, திருவுளம். இப்படி எண்ணுவதில் ஆறுதல் உண்டு, அதைப் பழிப்பதற்கில்லை. கரையான் மேல் சைவத்துக்குப் பகையும் கிடையாது: திருவாரூரில் மூலவரே புற்றிடங்கொண்டார், தெருவோரப் புற்றுக்கு மஞ்சள் பூசிப் பால் வார்க்கும் ஊர் இது. ஆனாலும் அறையின் கதவைப் பற்றி அசரீரி எதுவும் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். திறந்து கிடந்ததால் அந்த ஏடுகள் அழியவில்லை. மூடியே கிடந்ததால் அழிந்தன. யாரும் உள்ளே போய்ப் பார்க்காததால் கரையானுக்குத் தலைமுறை தலைமுறையாக அவகாசம் கிடைத்தது.

தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவால் வகுக்கும்போது கரையானையும் எறும்பையும் மூவறிவு உயிர்கள் என்கிறது: தொடுவுணர்வு, சுவை, மோப்பம் மட்டும். நான்காவது அறிவான கண் அவற்றுக்கு இல்லை. வேலைக்காரக் கரையான்களில் பெரும்பாலானவை உண்மையிலேயே பார்வையற்றவை. ஆகவே அதற்குத் தேவாரம், தொலைநோக்கியின் ஒட்டுப்பலகைப் பெட்டி, பழைய செய்தித்தாள் எல்லாம் ஒன்றுதான். உள்ளே பார்வைக்கான கருவி இருப்பது அதற்கு ஒரு பொருட்டல்ல. பலகையில் உள்ள செல்லுலோஸ்தான் பொருட்டு. டாப்சோனியன் வகைத் தொலைநோக்கிகளின் அடித்தளம் பலவும் மரத்துகள் பலகை என்பதால் தரையிலிருந்து நான்கு விரற்கடையாவது உயர்த்தி, சுவரைத் தொடாமல் வைக்கச் சொல்வார்கள்.

பூஞ்சையும் மூடிய அறையின் பிள்ளைதான். காற்றில் ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால், வில்லையில் படிந்த கைரேகையின் எண்ணெயே அதற்குச் சோறு. அது கக்கும் அமிலம் பூச்சையும் சில சமயம் கண்ணாடியையும் அரித்துவிடும். பிறகு துடைத்தாலும் தடம் போகாது. சமணர் பார்வையில் பூஞ்சை இன்னும் சங்கடமானது. ஓர் உடலுக்குள் எண்ணிலடங்கா உயிர்கள் கூடி வாழும் நிலையை அவர்கள் நிகோதம் என்பார்கள். ஊசிப்போன பண்டத்தைத் தொடாததற்கு அதுவும் ஒரு காரணம். அந்தக் கணக்கில் வில்லையிலுள்ள பூஞ்சையை ஒருமுறை துடைப்பது எத்தனை புறாக்களுக்குச் சமமோ! அது பிறக்காமலே தடுப்பதற்கு வழி எளிது: சிலிக்கா ஜெல் பொட்டலம், அது நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்தி மறுபடி வைப்பது, வெயில் நாளில் பெட்டியைத் திறந்து காற்றாட விடுவது. அந்துருண்டை வேண்டாம். திண்மமாக இருந்தே ஆவியாகும் பொருள் அது. அந்த ஆவி பூச்சியை மட்டும் தேடிப் போவதில்லை, குளிர்ந்த கண்ணாடியிலும் போய்ப் படியும்.

ஆக, மூடுவதும் வேண்டும், திறந்து பார்ப்பதும் வேண்டும். சுவேதாம்பரத் துறவிகள் தம் ஆடையையும் பாத்திரத்தையும் நாளுக்கு இருமுறை பிரித்துப் பார்க்கிறார்கள். பூச்சி இருந்தால் மெல்ல எடுத்து விடுகிறார்கள். இதற்குப் பிரதிலேகனம் என்று பெயர். ஆண்டுக்கு ஒருமுறை, கார்த்திக வளர்பிறை ஐந்தாம் நாள், ஞானபஞ்சமி. மழைக்காலம் முடிந்த கையோடு ஏட்டுக்கட்டுகளை வெளியே எடுத்து, தூசு தட்டி, பூச்சி பார்த்து, துணி மாற்றிக் கட்டி வழிபடுகிறார்கள். ஜைசல்மேரிலும் பாட்டனிலும் பல நூற்றாண்டுச் சுவடிகள் இன்றும் கிடைப்பதில் இந்தப் பண்டிகைக்கும் பங்கு உண்டு என்று சொன்னால் மிகையாகாது. நம் சரசுவதி பூசையும் ஆயுத பூசையும் இதே வேலைக்கு வாய்த்த நாள்கள்தான், ஒரு சின்ன எச்சரிக்கையோடு: சந்தனமும் குங்குமமும் குழாய்க்கு இடலாம், வில்லைக்கு ஆகாது, கற்பூரப் புகைக்கு முன் மூடியைப் போட்டுவிட வேண்டும்.

துடைப்பதைப் பற்றிய மிகக் கறாரான விதி சிதம்பரத்துக்கு வெகுதூரமில்லாத வடலூரில் எழுதப்பட்டது. வள்ளலாரின் சத்திய ஞான சபையில் ஒரு பெரிய கண்ணாடிக்குப் பின்னே சோதி. அதை மறைத்து ஏழு நிறங்களில் ஏழு திரைகள். மாதப் பூசத்தில் ஆறு திரை விலகும். தைப்பூசத்தில் ஏழும் விலகும். 1872 ஜூலையில் வள்ளலார் எழுதிய வழிபாட்டு விதியில் தூசுக்கும் இடம் உண்டு. உள்ளே போய்த் துடைப்பவர் 12 வயதுக்கு உட்பட்டவராகவோ 72 வயதுக்கு மேற்பட்டவராகவோ இருக்க வேண்டும். நான்கு நாளுக்கு ஒருமுறை, காலில் துணி சுற்றிக்கொண்டு, முழங்காலிட்டுத் துடைக்க வேண்டும். செயற்கைக்கோளுக்கு ஆடி பொருத்தும் தூய்மை அறைக்குள் இன்று போகிறவரும் காலுக்கு உறை மாட்டிக்கொண்டுதான் போகிறார். புலால் மறுப்பையும் உயிரிரக்கத்தையும் தம் நெறியின் உயிராக வைத்தவர், கண்ணாடிமேல் தூசு படியும் என்ற சாதாரண உண்மையை மறக்கவில்லை. அவர் நெறியில் திரை நிரந்தரமானதுமல்ல, விலக்குவதற்காகவே கட்டியது.

இனி, தடுக்கப்படுகிற பூச்சியின் பக்கம் ஒரு வார்த்தை. மனிதனுக்குத்தான் வானம், பூச்சிக்கு மண் என்ற எண்ணம் இந்த விவாதம் முழுக்க மறைவாக ஓடுகிறது. கொன்றாலும் பரவாயில்லை என்பதற்குப் பின்னால் நிற்பதும் அதுதான். அது இப்போது அவ்வளவு உறுதியாக நிற்கவில்லை. 2013இல் ஜோகன்னஸ்பர்க் கோளரங்கத்துக்குள் சாணவண்டுகளை விட்டுப் பார்த்தார்கள். பால்வீதியின் ஒளிப்பட்டை மட்டும் தெரிந்தாலே அவை உருண்டையை நேர்கோட்டில் உருட்டிச் சென்றன. தென்கிழக்கு ஆஸ்திரேலியாவின் போகாங் அந்துப்பூச்சி, முன்பின் போயிராத மலைக்குகைகளுக்கு ஆயிரம் கிலோமீட்டர் வரை இரவில் பறந்து போகிறது. காந்தப்புலத்தை நீக்கிய அரங்கில் அதன் தலைக்குமேல் விண்மீன் வானத்தைக் காட்டினார்கள். அது தன் வழக்கமான திசையில் பறந்தது. வானத்தை அரைவட்டம் திருப்பினால் அதுவும் திரும்பியது. விண்மீன்களைத் தாறுமாறாகக் கலைத்துக் காட்டினால் வழி தெரியாமல் தவித்தது. 2025இல் வெளியான ஆய்வு இது. தொல்காப்பியக் கணக்கில் நான்காம் அறிவு பெற்ற உயிர் அந்தக் கண்ணை எதற்குப் பயன்படுத்துகிறது என்பதற்கு இதைவிட வியப்பான விடை கிடைப்பது கடினம்.

அந்த அந்துப்பூச்சிக்கும் வானியலாளருக்கும் எதிரி ஒன்றே: தேவையில்லாத விளக்கு. கான்பெராவில் நாடாளுமன்றக் கட்டடத்தின் ஒளிவெள்ளத்தில் போகாங் பூச்சிகள் வழிதவறி வந்து குவிந்த ஆண்டுகள் உண்டு. நம் வீட்டுத் தாழ்வாரத்திலும் நடப்பது அதுவே, சிறிய அளவில். தொலைநோக்கி வைத்த அறையின் வாசலில் இரவெல்லாம் வெள்ளை எல்.இ.டி எரிகிறது. நீலமும் புற ஊதாவும் கலந்த ஒளிக்குப் பூச்சி அதிகம் வரும். பூச்சியைத் தேடிப் பல்லியும் சிலந்தியும் வரும். பல்லி முட்டையிட இடுக்குத் தேடும். குழாயைவிட நல்ல இடுக்கு எது? மருந்து அடிப்பவர் இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியை அறுக்கிறார். விளக்கை அணைப்பவர், அல்லது மஞ்சள் விளக்குக்கு மாறுபவர், முதல் கண்ணியையே கழற்றிவிடுகிறார். வானமும் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும்.

எலிக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. அதற்கு விளக்கு வேண்டாம், விண்மீன் வேண்டாம்; மோட்டார் வயரின் உறையைக் கடிக்கப் பல் அரித்தால் போதும். மருந்து வைத்தால் அது வலியோடு பல நாளில் சாகும். செத்த இடம் பெரும்பாலும் பெட்டியின் பின்புறமாகவே இருக்கும். கூண்டில் பிடித்துத் தொலைவில் விடுவது கருணை என்று தோன்றும். ஆனால் பழகாத இடத்தில் வளையும் இரையும் இல்லாமல் விடப்பட்ட எலி பெரும்பாலும் பிழைப்பதில்லை. திருப்தி விட்டவருக்கு மட்டும். மிஞ்சுவது ஓட்டை அடைப்பது. சுண்டெலிக்குக் கால் அங்குலச் சந்து போதும் என்பதால் கம்பிவலையின் கண் அதைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். வலையை ஓட்டையில் திணித்து மேலே சிமெண்ட் பூசினால் பல் இறங்காது. ஒரு மாலைப்பொழுது வேலை. அதைப் புரட்டாசி முடிவதற்குள் செய்துவிட வேண்டும், அதுவும் அறையிலுள்ள பொருள்களை ஒருமுறை முழுக்க நகர்த்திப் பார்த்துவிட்டு. எலி ஏற்கெனவே உள்ளே வந்திருந்தால், அடைத்தவர் அதைத் தொலைநோக்கியோடு சேர்த்துப் பூட்டியவராகிவிடுவார்.